இரண்டு நீலக் குறிகளும் ஒரு தாய்மாமனும்

என்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. கடிதம் எழுதிப் பிழைப்பவனுக்கு இது பெரிய குறை. ஹட்டன் கடைவீதியில், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திர உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றின் மாடியில், இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுதுவேன். எழுந்து ஜன்னலுக்குப் போவேன். கீழே பஸ், மழை, குடை, மரக்கறிச் சாக்கு. திரும்பி வந்து அடுத்த வரி. முதலாளி கீழேயிருந்து தலையை உயர்த்திக் கேட்பார்: "மேல என்னா, ஆடு கட்டிப் போட்டுருக்கா?"

அந்த மேசையில் நான் அதிகம் புழங்கிய சொல் 'இன்ஃபோம்'. திஸ் இஸ் டு இன்ஃபோம் யூ என்று தொடங்காமல் எங்கள் கடையிலிருந்து கடிதம் போனதாக நினைவில்லை. நீங்கள் கேட்ட பெல்ட் இன்னும் வரவில்லை என்பதை அறியத் தருகிறோம். வந்த பெல்ட் நீங்கள் கேட்ட அளவில்லை என்பதை அறியத் தருகிறோம். நல்ல செய்திக்கு அந்தச் சொல் தேவைப்படுவதில்லை. நல்ல செய்தியை முதலாளி போனிலேயே சிரித்துச் சொல்லிவிடுவார். கெட்டதுதான் மாடிக்கு ஏறிவரும், சட்டை மாட்டிக்கொள்ள.

அதற்கு எத்தனையோ சட்டை. ப்ளீஸ் பீ இன்ஃபோம்ட் என்று ஒன்று. மரியாதை பூசிய கட்டளை: தெரிந்துகொள், இனிமேல் தெரியாதென்று சொல்லாதே. கீப் மீ இன்ஃபோம்ட் என்று ஒன்று. அதை மேலே இருப்பவர்கள் எழுதுவார்கள்: எனக்கு இதில் வேலையில்லை, ஆனால் என்னை விட்டுவிட்டு எதையும் செய்துவிடாதே. ஃபோர் யுவர் இன்ஃபோமேஷன் என்பது இன்னொரு சாதி. யாருடைய தவறையோ யாருக்கோ காட்டிக்கொடுக்கும்போது மேலே போட்டுக்கொள்கிற துண்டு அது. எல்லாவற்றுக்கும் மேலே, ஐ வோஸ் நொட் இன்ஃபோம்ட். அந்த நான்கு சொல்லைச் சொல்லிவிட்டால் ஒரு மனேஜர் எந்த நஷ்டத்திலிருந்தும் நனையாமல் வெளியே வந்துவிடுவார். அதற்குப் பயந்துதான் ஒரு கடிதத்துக்கு ஆறேழு பிரதி அனுப்புகிறோம்.

இத்தனை சட்டைக்குள்ளும் உடம்பு ஒன்றுதான். பாரத்தைக் கைமாற்றுவது. பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு நடந்துவிடலாம். கதவு திறந்ததா, திறந்தவர் முகம் எப்படிப் போனது, பார்க்க வேண்டியதில்லை. நின்ற காலிலேயே செய்துவிட முடிந்த வேலை. உட்கார முடியாதவனுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. எனக்குப் பிடித்திருந்தது. மிகவும்.

நான் பிறந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சொல்லுதல் அப்படி நடப்பதில்லை. கல்யாணம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு போக வேண்டும். போய் உட்கார வேண்டும். வந்த விசயத்தை உடனே எடுக்கக் கூடாது. மழையைப் பேசி, தேயிலைக் கொழுந்தைப் பேசி, பக்கத்துத் தோட்டத்துச் சண்டையைப் பேசி, தேத்தண்ணி வந்த பிறகுதான் தட்டை எடுக்கலாம். கேட்கிறவர், எல்லாம் முன்னமே தெரிந்திருந்தாலும், ஒன்றும் தெரியாதவராக இருந்து ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளை எந்தப் பக்கம், என்ன வேலை, யார் வீட்டுப் பிள்ளை. அதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகுதான் 'சொல்லியாச்சு' என்று பெயர். இறப்புக்கும் அப்படித்தான், ஆள் போக வேண்டும். ஊர் முழுக்கப் போன் வந்துவிட்ட இந்தக் காலத்திலும், "ஆள் வந்து சொல்லலயே" என்று சாவு வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் தெரிந்தவன்தான் செய்தேன்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டிக்கோயாப் பக்கம். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். அழைப்பிதழைப் போனிலேயே அழகாகச் செய்து அனுப்பியிருந்தாள்: மயில், மாவிலை, இரண்டு பேருடைய படம். முதலில் சொல்ல வேண்டியது என் மனைவியின் அண்ணனுக்கு. அவர்தான் தாய்மாமன். மணப்பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவர். அவர் இல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும். ஆனால் வந்த ஒவ்வொருவரும் "மாமன் எங்க?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் என் மனைவி பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று மிஞ்சியது அந்த ஒரு ஆள்தான்.

அவர் இருப்பது வலப்பனைக்கு மேலே ஒரு தோட்டத்தில். தோட்ட வேலையை விட்டுவிட்டு லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் மரக்கறி போடுகிறார். ஹட்டனிலிருந்து இரண்டு பஸ், அப்புறம் முச்சக்கர வண்டி. அந்த வாரமே கடை வேலையாக எனக்கு வலப்பனைக்குப் போகக் கிடைத்தது. மனைவி சந்தோசப்பட்டாள். "அப்ப அப்படியே போயி அண்ணனுக்குச் சொல்லிட்டு வந்துருங்க. பெறகு ரெண்டு பேருமா ஒரு தடவ போவோம்" என்று தட்டுச் சாமானையும் பையில் போட்டுக் கொடுத்தாள்.

வேலை முடிந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மேலே ஏறினால் திரும்ப இருட்டிவிடும். மலை முழுக்கப் பனி வெள்ளையாக மூடியிருந்தது. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நுவரெலியா பஸ் வேறு இஞ்சினைப் போட்டுவிட்டு உறுமிக்கொண்டிருந்தது. போனை எடுத்தேன். மயிலையும் மாவிலையையும் அவருக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: 'மச்சான், மகளின் திருமணம். அனைவரும் வரவும்.' இரண்டு குறி விழுந்தது. பஸ் புறப்படுவதற்குள் அவை நீலமாகவும் ஆகிவிட்டன. பார்த்துவிட்டார். பாரம் இறங்கிவிட்டது. அதே படத்தை அந்த லயத்தில் எனக்குத் தெரிந்த மற்ற எல்லோருக்கும் தட்டிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"சந்தோசந்தான்." நீல நிறத்தைத்தான் அப்படி மொழிபெயர்த்தேன். தட்டுச் சாமானில் இருந்த வாழைப்பழத்தைப் பஸ்ஸிலேயே பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டு பேருமாகப் போவது பிறகு மழையாலும் வேலையாலும் தள்ளிப்போனது. தள்ளிவிட்டது நான்தான். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மனைவி அண்ணிக்குப் போன் எடுத்தாள். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். போன் சத்தம் பெரிதாக வைத்திருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"அண்ணி, அண்ணன மொதநாளே வரச் சொல்லுங்க. மால எடுத்துக் குடுக்கணும்ல?"

"எங்கம்மா வரச் சொல்ற?"

"என்னா அண்ணி வெளையாடுறீங்க? கல்யாணத்துக்குத்தான்!"

"கல்யாணமா? எங்களுக்கு யாரும் வந்து சொல்லலயே. போன்ல என்னமோ மயிலு படம் ஒண்ணு வந்துச்சு. யாருக்கோ அனுப்ப வேண்டியது தவறி வந்துருக்கும்னு ஒங்க அண்ணன் சொன்னாரு."

மனைவி போனைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் நடப்பதை நிறுத்தவில்லை.

"நில்லுங்க."

நின்றேன்.

"போனீங்களா, போகலயா?"

"வலப்பன வரைக்கும் போனேன். அனுப்பிட்டேன். அவரு பார்த்துட்டாரு."

"எங்க அண்ணன் என்னா, ஒங்க கடைக்கு பெல்ட்டுக்கு எழுதிப் போட்டவரா?" அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மக வயித்துல இருக்கையில எனக்கு மாங்கா கேட்டு மழையில போன மனுசன். அவருக்கு மயிலு படமா அனுப்புனீங்க?"

நாளைக்கே இரண்டு பேரும் போவோம் என்றேன். அதற்கும் அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். "நான் வந்தா என் மொகத்துக்காக வந்துருவாரு. வந்து ஒரு மூலையில நிப்பாரு. அது வேணாம். நீங்க தனியா போங்க. ஒங்க வாயால சொல்லுங்க. வந்தா வரட்டும். வராட்டி, அன்னைக்கு வர்ற எல்லாருக்கும் நீங்களே பதில் சொல்லுங்க."

மறுநாள் சனிக்கிழமை, விடியவே பஸ் ஏறினேன். மடியில் பை. அதற்குள் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, புதிதாக ஒரு சீப்பு வாழைப்பழம், அச்சடித்த அழைப்பிதழ்கள். தலவாக்கலை தாண்டும்வரை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வாய்க்குள் வந்ததெல்லாம் கடை மாடியில் பிறந்த வாக்கியங்கள். 'முன்னர் அனுப்பிய செய்தியின் தொடர்ச்சியாக.' 'ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்.' வருந்துகிறோம்! யார் அந்த மற்ற ஆட்கள்? எனக்குள் ஒரு கம்பெனியே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நானு ஓயாவில் இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. நுவரெலியாவில் பஸ் மாறியபோது பஸ்ஸைச் சுற்றி மூன்று முறை நடந்தேன்.

இராகலை தாண்டிச் சற்றுத் தூரத்தில் பஸ் நின்றது. மண் சரிந்து பாதி வீதியை மூடியிருந்தது. கொண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பார வஹலா!" என்றான் சிங்களத்தில். வீதி மூடியாயிற்று. எல்லோரும் இறங்கினார்கள். மண்ணை அள்ள மெஷின் வரும், ஒரு மணித்தியாலம் ஆகும், இரண்டாகும் என்றார்கள். வழக்கமாக என் கால்களுக்கு இது கொண்டாட்டம். அன்றைக்கு அவை முதன்முறையாகத் தயங்கின. திரும்பிப் போக அருமையான காரணம் கிடைத்துவிட்டது. போனை எடுத்து, 'வீதி மூடப்பட்டுள்ளது என்பதை அறியத் தருகிறேன்' என்று மனைவிக்கு எழுதினால் போதும். விரல் அந்தப் பக்கம் போகவும் செய்தது. எழுதியிருந்தால் அவள் பதில் போட்டிருக்க மாட்டாள். இரண்டு நீலக் குறி மட்டும் விழுந்திருக்கும். அதை நினைத்ததும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினேன். அங்கே ஒரு முச்சக்கர வண்டி நின்றது.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வரை மண். மச்சானின் மனைவி வாசலில் நின்றிருந்தார். "வாங்கண்ணே" என்றார். கால் கழுவத் தண்ணி கொடுத்தார். உட்காரச் சொன்னார். எல்லாம் மரியாதை. தேத்தண்ணி மட்டும் வரவில்லை. "அவரு பின்னால இருக்காரு" என்றார், அவ்வளவுதான்.

பையோடு பின்னால் போனேன். மச்சான் லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மண்வெட்டி நிற்கவில்லை.

"என்னா மாப்ள, போன் ஒடஞ்சு போச்சா? நேர்லயே வந்துட்டீங்க."

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நேரமாயிருச்சு, மழ வேற..."

"மழையா?" இப்போதுதான் மண்வெட்டியை ஊன்றினார். "அன்னைக்கு எங்க நின்னீங்க, வலப்பன ஸ்டாண்ட்ல? நுவரெலியா பஸ்ஸுக்குப் பக்கத்துலதான? எதுத்தாப்ல வெதக் கட இருக்குல்ல. நான் அதுக்குள்ளதான் நின்னேன்."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் இதற்குப் பொருந்தவில்லை. கம்பெனி மூடிக்கிடந்தது.

"மாப்ள வந்துருக்காரேன்னு வெதையக்கூட எடுக்காம வெளிய வந்தேன். நீங்க குனிஞ்சு போனத் தடவிக்கிட்டு இருந்தீங்க. சரி, பேசி முடிக்கட்டும்னு நின்னேன். அப்பதான் என் சட்டப்பைக்குள்ள கிர்ருனுச்சு. எடுத்துப் பார்த்தா மயிலு." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. "இருபதடி இருக்குமா மாப்ள? நிமுந்து பார்த்துருந்தா நான் நிக்கிறது தெரிஞ்சிருக்கும். பஸ் போற வரைக்கும் நின்னேன். நீங்க நிமுரவே இல்ல."

நான் அனுப்பியதும் அவை ஏன் அவ்வளவு சீக்கிரம் நீலமாயின என்பது அந்த லீக்ஸ் பாத்தியில் நின்றபோதுதான் விளங்கியது. மழையையும் நேரத்தையும் பற்றி நான் அதற்கு மேல் பேசவில்லை.

"பார்க்கல மச்சான். தப்பு என்னோடது. அதோட வீட்ல போயி, சொல்லிட்டேன்னு பொய்யும் சொன்னேன்."

 அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவி, பின்வாசல் படியில் உட்கார்ந்தார். எதிரே இருந்த பலகையைக் காட்டினார்.

"உக்காருங்க. என்னா விசயமா வந்தீங்க? சொல்லுங்க."

உட்கார்ந்தேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மகளுக்குக் கல்யாணம், மச்சான். மாப்பிள்ளை டிக்கோயாப் பக்கம். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். எந்த டிவிஷன் என்றார். தெரிந்தது, சொன்னேன். மாப்பிள்ளைக்கு மூத்தவர்கள் இருக்கிறார்களா? ஒரு அக்கா. கட்டிக்கொடுத்தாயிற்றா? அது எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் சமைக்கிறீர்களா, வெளியிலா? வெளியில். மழை பெய்தால்? அதை நான் யோசித்திருக்கவில்லை. கல்யாணத்துக்கப்புறம் பிள்ளை கொழும்பு வேலைக்குப் போகுமா, இல்லை விட்டுவிடச் சொல்கிறார்களா? நான் மகளிடம் அதைக் கேட்டதில்லை.

"கேக்கலயா?"

"இல்ல மச்சான்."

"பெத்தவரு கேக்காம வேற யாரு கேப்பா?"

அழைப்பிதழில் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அதில் இல்லாத எதுவும் தெரிந்திருக்கவில்லை. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் அறியத் தந்தவன், ஒரு பலகையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதிலில்லாமல் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசித்திரம், எழுந்து நடக்கத் தோன்றவில்லை.

தேத்தண்ணி வந்தது. மச்சானின் மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே கதவில் சாய்ந்து நின்றார். குடித்து முடித்துத் தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை பாதி வாடியிருந்தது. இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"இந்த லயத்துல எத்தன வீட்டுக்கு மயிலு அனுப்புனீங்க?"

எண்ணிப் பார்த்தேன். "அஞ்சு."

"அத்தனையும் நம்ம சனம். அவங்கள விட்டுட்டு நான் மட்டும் எப்படித் தட்டு வாங்குறது? மாமனுக்கு மட்டும் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்கன்னு நாளைக்கு என்னயில்ல கேப்பாங்க?" எழுந்து தோளில் துண்டைப் போட்டார். "வாங்க. நான் கூட வர்றேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

தட்டை வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லவில்லை. முன்னால் நடந்தார். நான் தாம்பாளத்தோடு பின்னால்.

முதல் வீட்டில் மழையைப் பேசினேன். கொழுந்தைப் பேசினேன். இரண்டாவது வீட்டில் ஒரு சித்தப்பா முறைக்காரர், "போன்ல பார்த்தமே, பொண்ணு கொஞ்சம் மெலிஞ்சிருச்சு போல" என்று ஆரம்பித்து, மெலிந்த காரணத்தை அரைமணி நேரம் விசாரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. மறுக்கக் கூடாது. மூன்றாவது வீட்டு அம்மா என்னைத் திட்டியே தீர்த்துவிட்டார். "எங்கள எல்லாம் படத்துக்குள்ளயே கூப்புட்டு படத்துக்குள்ளயே சோறு போட்டுருவீங்களோ?" என்றார். திட்டி முடித்துச் சீனி கொஞ்சம் கூடுதலாகப் போட்டார். நான்காவது வீட்டில் வேலைக்குப் போனவர்கள் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தோம். மச்சான் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, நான் சொல்வதைப் புதிதாகக் கேட்பவர்போல் கேட்டார். எங்காவது நான் அவசரப்பட்டு முடிக்கப்பார்த்தால் மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

கடைசி வீடு ஒரு முன்னாள் தொழிற்சாலைக்காரருடையது. வாழ்நாள் முழுக்க ரோலர் மெஷின் பக்கத்தில் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. ஐந்து தேத்தண்ணியிலும் அத்தனை பேச்சிலும் என் குரல் கட்டிப்போயிருந்தது.

"பெரியப்பா, மகளுக்குக் கல்யாணம்" என்றேன்.

"ஆங்?"

"கல்யாணம், பெரியப்பா."

"யாருக்குக் காயம்?"

இன்னொரு முறை முயன்றேன். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. தாம்பாளத்தை நீட்டியபடி நின்றேன். அவர் என் முகத்தையும் வெற்றிலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

நிலையில் சாய்ந்திருந்த மச்சான் நிமிர்ந்தார். இரண்டு எட்டில் உள்ளே வந்து, என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, லயமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"எம் மருமகளுக்குக் கல்யாணம், பெரியப்பா! அடுத்த ஞாயித்துக்கெழம! ஹட்டன்ல! நாந்தான் மால எடுத்துக் குடுக்குறேன்! நீங்க கட்டாயம் வரணும்!"

பெரியவர் முகத்தைச் சுளித்துக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏண்டா கத்துற? போன்ல அன்னைக்கே பார்த்தேன். மயிலு போட்டுருந்துச்சு." தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பைக் கிள்ளினார். "யாராச்சும் வந்து சொல்லட்டும்னு இருந்தேன். உக்காருங்க ரெண்டு பேரும். மாப்ள எந்தப் பக்கம்?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே பெஞ்சில் உட்கார்ந்து, டிக்கோயாவிலிருந்து ஆரம்பித்திருந்தார்.